பிரெஞ்சுக் கோப்பை மாதிரி நாக்-அவுட் நடத்தணும்: ஃபைனல் வரலாறு, விதி தெரிஞ்சவங்க வாங்க

வில்லியனூர் விங்கர்:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளை ஒட்டி ஒரு நாக்-அவுட் கால்பந்துப் போட்டி. மொத்தம் 23 அணி. அதுல 9 அணி லீக்குல ஆடுற கிளப், மீதி 14 ஊர் அணி: பாகூர், வில்லியனூர் பக்கம் பாதி, கடலூர் முதுநகர், புதுப்பாளையம் பக்கம் பாதி. நகரத்துல பெரிய மைதானம் ஒண்ணு, ஊர்ப்பக்கம் ரெண்டு. மூணுலயும் லைட் கிடையாது.

"கூப் த பிரான்ஸ்", அதாவது பிரெஞ்சுக் கோப்பை மாதிரியே நடத்தலாம்னு கமிட்டியில முடிவு. ஃபைனல் அன்னிக்கு மைக்குல அந்தக் கோப்பையோட ஃபைனல் வரலாற்றைப் பத்து நிமிஷம் பேசணும், தப்பாப் பேசிடக் கூடாது. அதனால:

எப்ப ஆரம்பிச்சது, எந்த ஃபைனலை எல்லாம் சொல்லியே ஆகணும்? புதுச்சேரி கிளப் ஏதாவது அந்தக் கோப்பையில ஆடியிருக்கா? (பெரியவங்க ஆடினதாச் சொல்றாங்க.) 23 அணியை எப்படிக் குலுக்குறது? எக்ஸ்ட்ரா டைம் வைக்கலாமா, நேரா பெனால்டியா? கடைசியா, சவுக்குக் கட்டையில கேலரி கட்ட ஒருத்தர் முன்வந்திருக்கார். கட்டலாமா?

---

சொல்தா வீட்டுப் பேரன்:

முதல் ரெண்டு கேள்விக்கு நான் சொல்றேன்.

கோப்பை உருவானது 1917 ஜனவரியில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது. முதலில் வைத்த பெயர் ஷார்ல் சிமோன் கோப்பை. சிமோன் பிரெஞ்சுக் கால்பந்து நிர்வாகத்தில் முக்கியமானவர். 1915-ல் போர்முனையில் இறந்தார். மைக்கில் பேசுபவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசலாம். நம் கடற்கரைச் சாலையில் நிற்கும் போர் நினைவுச் சின்னமும் அதே போரில் செத்தவர்களுக்கானதுதானே.

முதல் போட்டியில் 48 கிளப். முதல் ஃபைனல் 1918 மே 5, பாரிஸ். ஒலிம்பிக் த பந்தேன் 3–0 என எஃப்சி லியோனை வென்றது. அப்போதும் போர் முடியவில்லை, நவம்பரில்தான் முடிந்தது. இப்போது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் பெயர் கொடுக்கின்றன. இரண்டாம் டிவிஷன் கிளப்புகள் ஏழாம் சுற்றிலும், முதல் டிவிஷன் கிளப்புகள் 64 அணிச் சுற்றிலும்தான் உள்ளே வருகின்றன.

ஜனாதிபதி வந்து கோப்பை கொடுக்கிற வழக்கம் 1927-ல் தொடங்கியது. அன்று வந்தவர் காஸ்தோன் துமேர்க். மர்செய் 3–0 என கெவியை வென்றது. அந்தக் கெவி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 85 வருடம் கழித்து, 2012-ல், மூன்றாம் டிவிஷன் அணியாக மறுபடியும் ஃபைனலுக்கு வந்து லியோனிடம் 1–0 என்று தோற்றார்கள்.

1933 ஃபைனலில் ஆடிய இரண்டு அணியும் ரூபே என்ற ஒரே ஊர். எக்செல்சியோர் ரூபே 3–1 என ராசிங் ரூபேயை வென்றது. முதுநகரும் புதுப்பாளையமும் உங்கள் ஃபைனலில் மோதினால் இதை எடுத்துவிடுங்கள், கைதட்டல் நிச்சயம்.

1944-ல் ஜெயித்தது கிளப்பே இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு தொழில்முறைக் கிளப்புகளை ஒதுக்கிவிட்டு வட்டார அணிகளை உருவாக்கியிருந்தது. நான்சி-லொரேன் என்ற அப்படியொரு அணி, ரேன்ஸ்-ஷம்பாஞ் என்ற இன்னொன்றை 4–0 என்று வென்றது.

1957 மே 26, பாரிஸ் பக்கத்து கொலோம்ப் மைதானம். துலூஸ் 6–3 என ஆன்ஜேவை வென்றது. ஆனால் அந்த நாள் கோலுக்காக நினைவில் நிற்கவில்லை. ஜனாதிபதி ரெனே கொத்தியோடு ஆட்டம் பார்த்த அல்ஜீரிய அரசியல்வாதி அலி ஷெக்கல், மைதானத்தை விட்டு வெளியே வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே சீசனில்தான் அல்ஜீரியாவின் எல் பியார் என்ற சின்ன கிளப், பெரிய ரேன்ஸ் அணியை 2–0 என்று வீட்டுக்கு அனுப்பியது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. அல்ஜீரியா ஆடியது, நாம் ஏன் ஆடவில்லை? தேதிகளைப் பார்த்தாலே தெரியும். மற்ற கடல்கடந்த பிரதேசக் கிளப்புகளைச் சேர்த்துக்கொண்டது 1961-62 சீசனில். புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1. ஒப்பந்தப்படி முழுமையாக மாறியது 1962 ஆகஸ்ட் 16. அவர்கள் கதவைத் திறந்தபோது நாம் அந்த வீட்டிலேயே இல்லை. பெரியவர்கள் சொல்வது வேறு ஏதாவது போட்டியாக இருக்கும். மைக்கில் "நம்ம புதுச்சேரியும் ஆடிய கோப்பை" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நம்மைப் போலவே கடல்கடந்து இருக்கும் ரெயூனியோன் தீவின் சேன்-பியர் அணி, 2020 ஜனவரியில் இரண்டாம் டிவிஷன் நியோரை 2–1 என்று தோற்கடித்து 32 அணிச் சுற்று வரை போனது. வேண்டுமானால் அதைச் சொல்லுங்கள்.

மைதானம் பற்றிக் கேட்டால்: நெடுங்காலம் கொலோம்ப், 1972 முதல் புதிய பார்க் தெ ப்ரேன்ஸ், 1998 முதல் ஸ்தாத் த பிரான்ஸ். 2024-ல் மட்டும் ஒலிம்பிக் வேலைகளால் லீலுக்குப் போனது.

யார் அதிகம் ஜெயித்தது என்று எவராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். 2025 வரை பாரிஸ் சேன் ஜெர்மேன் 16, மர்செய் 10. மர்செய் 1989-க்குப் பிறகு இந்தக் கோப்பையைத் தொடவில்லை.

1992-ல் மட்டும் ஃபைனல் இல்லை, கோப்பையை மொனாக்கோவுக்குக் கொடுத்தார்கள்.

---

முதுநகர் ஸ்டாப்பர்:

பேரன் அண்ணே, கடைசி வரி மட்டும் தப்பு. 1992-ல கோப்பை யாருக்கும் கொடுக்கல. மொனாக்கோ ஃபைனலுக்குத் தகுதி பெற்றிருந்தது, அவ்வளவுதான். அடுத்த சீசன் ஐரோப்பாவுல நாட்டுக் கோப்பை ஜெயிச்சவங்க ஆடுற போட்டியில பிரான்ஸ் சார்பா ஆடினதும் மொனாக்கோதான், குழப்பம் அங்கிருந்து வருது. வெற்றியாளர் பட்டியல்ல 1992 காலி.

இப்ப குலுக்கல்.

23 அணின்னா பல பேர் பண்ற தப்பு: ஒவ்வொரு சுற்றுலயும் ஒத்தையா நிக்கிற அணிக்கு பை (bye, ஆடாமலே அடுத்த சுற்று) கொடுக்குறது. போட்டுப் பாருங்க. 23-ல 11 ஆட்டம், ஒரு பை, 12 அணி. அப்புறம் 6. அப்புறம் 3. செமி ஃபைனல்ல மூணு அணி! ஒருத்தன் ஆடாமலே ஃபைனலுக்குப் போவான், தோத்தவன் கமிட்டி மேசையைக் கவுப்பான்.

சரியான வழி, பை எல்லாத்தையும் முதல் சுற்றுலயே முடிச்சிடறது. 2, 4, 8, 16-னு இரட்டிக்கிற வரிசையில 23-க்கு மேல வர்ற எண் 32. 32-லேர்ந்து 23 போனா 9. ஆக 9 பை, மீதி 14 அணி 7 ஆட்டம். ஜெயிச்ச 7, பை 9, மொத்தம் 16. அதுக்கப்புறம் 8, 4, 2, 1-னு ஆட்டம் தானா இறங்கும். மொத்தம் 22 ஆட்டம். எத்தனை அணியோ அதுல ஒண்ணு கம்மி, இதுதான் கணக்கு சரியான்னு பார்க்க வழி.

உங்க அதிர்ஷ்டம், லீக் கிளப் சரியா 9, ஊர் அணி 14. பிரெஞ்சுக் கோப்பையில பெரிய கிளப் தாமதமா உள்ளே வர்ற மாதிரியே அந்த 9 பேரையும் ரெண்டாம் சுற்றுல இறக்குங்க. யாருக்கு பைன்னு குலுக்கவே வேண்டாம், சண்டையும் கிடையாது.

முழு அட்டவணையை முதல் நாளே போட்டுடாதீங்க. அங்க ஒவ்வொரு சுற்றுக்கும் புதுசாக் குலுக்குவாங்க. அடுத்து யார்னு தெரியாததுதான் கோப்பையோட சுவை. முதல் சுற்றுல மட்டும் பாகூர் பக்கத்துக்கு ஒண்ணு, கடலூர் பக்கத்துக்கு ஒண்ணுன்னு துணிப் பை ரெண்டு வச்சுப் பிரிச்சுக் குலுக்குங்க; அங்கேயும் ஆரம்பச் சுற்றுகள் வட்டாரம் வட்டாரமாத்தான் நடக்கும். வேன் வாடகை மிச்சம். ஒரு பக்கம் 7, இன்னொரு பக்கம் 7-ன்னு வந்தா ரெண்டு துணிப் பையிலயும் மிஞ்சுற கடைசி அணியை ஒண்ணுக்கொண்ணு ஜோடி போட்டுடுங்க.

சீட்டு எழுதி மடிக்காதீங்க. மடிப்புத் தடிமன் கைக்குத் தெரியும்னு ஒருத்தன் கிளப்பிவிடுவான். டேபிள் டென்னிஸ் பந்துல மார்க்கர்ல நம்பர் போட்டு, எல்லா அணிக் கேப்டனும் நிக்கும்போது, அணி சேராத சின்னப் பிள்ளை கையால எடுங்க. முதல்ல வர்ற பந்து சொந்த மைதான அணி.

இதுல முக்கியமான விதி ஒண்ணு. பிரெஞ்சுக் கோப்பையில, வெளியூர் ஆட்டம் விழுந்த அணி எதிரணியைவிட ரெண்டு டிவிஷனோ அதுக்கு மேலயோ கீழ இருந்தா, ஆட்டம் அவங்க ஊருக்கு மாறிடும். உங்களுக்கு ரெண்டே படிதான், அதனால ஒரு படி வித்தியாசமே போதும்னு வச்சுக்கங்க. லீக் கிளப் ஊர் அணியோட மோதினா ஆட்டம் ஊர் மைதானத்துல. சின்ன அணி பெரிய அணியைக் கவுக்குறதைப் பல பேர் சும்மா அதிர்ஷ்டம்னு நினைக்கிறாங்க. பாதி வேலையை இந்த விதி செய்யுது: மேடு பள்ளம் தெரிஞ்ச மைதானம், பக்கத்துல நிக்கிற ஊர் ஜனம்.

ஆனா மைதானத்தை டேப் வச்சு அளந்துட்டு ஒத்துக்கங்க. நீளம் 90 மீட்டர், அகலம் 45 மீட்டராவது வேணும். கோல் 7.32-க்கு 2.44. ஊர் மைதானத்துல குறுக்குக் கட்டை நடுவுல தொங்கும், இல்லேன்னா கோல் வாயில மண் கொட்டி மேடாயிருக்கும். ஓரத்துல அளந்தா 2.44 வரும், நடுவுல 2.35 கூட வராது. நடுவுல அளங்க. பெனால்டிப் புள்ளி 11 மீட்டர், கோல் கோட்டோட வெளி விளிம்புலேர்ந்து.

---

மஞ்சக்குப்பம் விசில்:

எக்ஸ்ட்ரா டைம் பத்தி. பிரெஞ்சுக் கோப்பையில 2020-21 சீசன்லேர்ந்து சுற்று ஆட்டங்கள்ல எக்ஸ்ட்ரா டைம் எடுத்துட்டாங்க. 90 நிமிஷம் சமன்னா நேரா பெனால்டி. அதுக்கு முன்ன ஒரு காலத்துல ஃபைனலையே மறுபடி ஆடியிருக்காங்க. 1965-ல ரென், செதான் 2–2, மறு ஆட்டத்துல ரென் 3–1.

உங்களுக்கு முடிவு பண்றது சூரியன். ஜூலை நடுவுல இங்க 6.40 வாக்குல சூரியன் மறையும். 4.30-க்கு விசில் அடிச்சா 90 நிமிஷம், இடைவேளை 15, காய நேரம், தண்ணி நேரம் எல்லாம் சேர்த்து 6.25. பெனால்டிக்குப் பதினைஞ்சு நிமிஷம். சரியா இருட்டுற நேரம். இதுல 30 நிமிஷம் எக்ஸ்ட்ரா டைமை எங்க சொருகுவீங்க? சுற்று ஆட்டத்துல வேண்டவே வேண்டாம். ஃபைனல்ல வேணும்னா 3.30-க்கு ஆரம்பிங்க, ஒவ்வொரு பாதியிலயும் குளிர்விக்கும் இடைவேளை ஒண்ணு, ஒன்றரை நிமிஷத்துலேர்ந்து மூணு நிமிஷம் வரை. அணிக்கு முன்னாலேயே எழுத்துல கொடுத்துடுங்க. சமன் ஆனப்புறம் விதி பேசினா விதியா இருக்காது, சண்டையாத்தான் இருக்கும்.

பெனால்டியில ஊர்ப் போட்டியில அதிகமா நடக்கிற தப்பு நாலு.

டாஸ் ஒண்ணு இல்லை, ரெண்டு. முதல் டாஸ் எந்தக் கோல்னு. ரெண்டாவது டாஸ் ஜெயிச்சவர் முதல்ல அடிக்கிறதா, பின்னாடியான்னு சொல்வார். மேற்கைப் பார்த்து நிக்கிற கீப்பர் கண்ணுல சாயங்கால வெயில் விழும். மைதானம் கிழக்கு மேற்கா இருந்தா, ரெஃப்ரி காரணம் சொல்லி அடுத்த கோலை எடுக்கலாம்.

ஆட்டம் முடியும்போது களத்துல இருந்தவங்கதான் அடிக்கலாம். பெஞ்ச்லேர்ந்து பெனால்டி ஸ்பெஷலிஸ்ட்னு ஒருத்தனைக் கூட்டிட்டு வர முடியாது. கீப்பருக்கு அடிபட்டாத்தான் மாற்று.

ஒரு அணிக்கு ஆள் குறைஞ்சிருந்தா அடுத்த அணியும் அதே எண்ணிக்கைக்குக் குறைக்கணும். இதுக்கு ஃபைனல் உதாரணமே இருக்கு: 2019. பாரிஸ் 2–0 முன்னால, ரென் வந்து 2–2. எக்ஸ்ட்ரா டைம் கடைசியில எம்பாப்பேக்கு ரெட் கார்டு. பாரிஸ் பத்து பேர்னா, ரென்னும் அடிக்கிற பட்டியல்ல ஒருத்தரை எடுத்தே ஆகணும். குறைக்காம விட்டா என்ன ஆகும்னா, பத்து பேர் அணியோட நல்ல ஷூட்டர் ரெண்டாவது ரவுண்டுக்கு முதல்ல திரும்ப வந்துடுவான். அந்த ஆட்டத்துல அவ்வளவு தூரம் போகல. ஆறாவது அடியை பாரிஸோட அங்க்குங்கு மேல தூக்கி அடிச்சார், ரென் 6–5.

நாலாவது: கீப்பர் தடுத்து திரும்பி வந்த பந்தை மறுபடி அடிக்கிறது. அந்த நேரத்துல அது செல்லாது. கீப்பரோட ஒரு காலாவது கோட்டு மேலயோ, கோட்டுக்கு நேராவோ, பின்னாலயோ இருக்கணும்; அதை லைன்ஸ்மேன் பார்க்கணும், ரெஃப்ரி இல்லை.

---

உப்பளம் மேஸ்திரி:

கேலரி வேண்டாம். ஏன்னு கேட்டா 1992-ல ஃபைனல் ஏன் நடக்கலைன்னு தெரிஞ்சுக்கணும்.

மே 5, கோர்சிகா தீவுல பாஸ்தியா ஊரோட ஃபூரியானி மைதானம். பாஸ்தியா–மர்செய் செமி ஃபைனல். கூட்டம் வரும்னு பழைய ஸ்டாண்டை இடிச்சுட்டு, இரும்புக் குழாய்ல தற்காலிக ஸ்டாண்ட் ஒண்ணை ரெண்டு வாரத்துக்கும் குறைவா எழுப்பினாங்க. ஆட்டத்துக்கு முன்னால மைக்குல "காலைத் தட்டாதீங்க"ன்னு அறிவிச்சாங்க, அப்பவே தெரிஞ்சிருக்கு. 8.30-க்கு ஆட்டம், 8.23-க்கு மேல் பகுதி பின்பக்கமா விழுந்துடுச்சு. 19 உயிர், 2,300-க்கு மேல காயம். அதுக்கப்புறம் ஃபைனலா? கைவிட்டாங்க. 2021-ல பிரெஞ்சுப் பார்லிமெண்ட் மே 5-ஆம் தேதி தொழில்முறைக் கால்பந்தே கிடையாதுன்னு சட்டம் போட்டது.

சவுக்குக் கட்டைக்கு வர்றேன். உட்கார்ந்திருக்கிற ஆள் எடையை சவுக்கு தாங்கும், அதுல சந்தேகம் இல்லை. கோல் விழும்போது எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து குதிக்கிறாங்க பாருங்க, அந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் தாங்காது. குறுக்குக் கட்டை முன்பக்கம் பார்வைக்குப் போட்டுட்டு, பின்பக்கம் மறைவா இருக்குன்னு விட்டுடுவாங்க. கட்டுறது கயிறு, புதுக் கயிறு நனைஞ்சு காஞ்சா தளரும், ஜூலையில சாயங்கால மழை சாதாரணம். நம்ம கடலோர மணல்ல கால் கட்டை ஒரு பக்கமா இறங்கும், அடியில பலகை வைக்க மாட்டாங்க. 2022 மார்ச்சுல கேரளா மலப்புரம் பக்கம் பூங்கோட்டுல செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டத்துக்குக் கட்டின தற்காலிக கேலரி இப்படித்தான் ஜனத்தோட சரிஞ்சுது.

கேலரிக்குப் பதிலா: டச் லைன்லேர்ந்து 3 மீட்டர் தள்ளி கயிறு, அதுக்குப் பின்னால மூணு வரிசை தரையில பாய், அதுக்குப் பின்னால பிளாஸ்டிக் நாற்காலி, கடைசியில நிக்கிறவங்க. கோல் பின்னால யாரையும் விடாதீங்க. ஆம்புலன்ஸ் நுழைய 4 மீட்டர் வழி ஒண்ணு காலியா இருக்கணும், அங்க பைக் நிறுத்தினா சாவியைப் பிடுங்கி வைங்க. மேடை விருந்தினருக்குத்தானேன்னு கேட்பாங்க. அதுவும் இடுப்பு உயரத்துக்கு மேல வேண்டாம்.

---

வில்லியனூர் விங்கர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேலரி ரத்து, கமிட்டிக்கு மேஸ்திரி அண்ணன் எழுதினதை அப்படியே காட்டிட்டேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி: மைக்குல பேசுறதுக்குச் சின்ன அணி ஃபைனல் ஒண்ணு வேணும். கலே-வா, கேங்காம்பா?

---

சொல்தா வீட்டுப் பேரன்:

ஸ்டாப்பர் தம்பி சொன்னதுதான் சரி, 1992-ல் யாருக்கும் கோப்பை இல்லை. திருத்திக்கொள்கிறேன்.

கேங்காம் ஜெயித்த கதை. சுமார் ஏழாயிரம் பேர் வசிக்கிற ஊர். 2009-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டு ரென்னை 2–1 என்று வென்றார்கள், 2014-ல் மறுபடியும் அதே ரென்னை 2–0. ஆனால் மைக்குக்கு நான் கலேயைத்தான் எடுப்பேன். 2000-ல் நான்காம் டிவிஷன், சம்பளத்துக்கு ஆடாதவர்கள். லீலையும் கானையும் பெனால்டியில், ஸ்த்ராஸ்பூரை 2–1, செமியில் போர்தோவை எக்ஸ்ட்ரா டைமில் 3–1. ஃபைனலில் நாந்துக்கு எதிராக முதல் கோல் கலேயுடையது. இரண்டாம் பாதி தொடங்கியதும் நாந்தின் சிபியெர்ஸ்கி சமன் செய்தார்; 90-வது நிமிடத்தில் இன்னும் வாதம் ஓயாத ஒரு பெனால்டி, அதையும் அவரே போட்டார். 2–1. பிறகு நாந்து கேப்டன் லாந்த்ரோ, கலே கேப்டன் பெக்கைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகக் கோப்பையைத் தூக்கினார்கள். 2018-ல் மூன்றாம் டிவிஷன் லேசெர்பியே பாரிஸிடம் 2–0 என்று தோற்றபோதும் பாரிஸ் கேப்டன் தியாகோ சில்வா இதையே செய்தார்.

இப்படிச் சின்ன அணிக்கு அங்கே "பெத்தி பூசே" என்று பெயர், நாட்டுப்புறக் கதையில் வரும் கட்டைவிரல் அளவுப் பையன்.

---

மஞ்சக்குப்பம் விசில்:

விங்கர், ஒண்ணு விட்டுப்போச்சு. மைக்கு 10 நிமிஷம்னீங்க. அதை ஆட்டத்துக்கு முன்னால வைக்காதீங்க, வார்ம்-அப் முடிச்ச பசங்க வெயில்ல நிப்பாங்க. இடைவேளை 15 நிமிஷத்துக்குள்ள முடிங்க, 14-வது நிமிஷம் நான் விசில் அடிச்சு ரெண்டு அணியையும் உள்ளே கூப்பிடுவேன்.